பன் அடுப்பில் வெந்த கிழங்கு

தட்டுவடையைத் துண்டில் முடிந்து, மெஸ்ஸின் சிமெண்ட் மேடையில் வைத்து, பூரிக்கட்டையால் தட்டும்போது ஒரு சத்தம் எழும். காய்ந்த சருகின் மேல் யாரோ நிதானமாக நடந்து போவதைப் போன்ற சத்தம். என் விடுதி நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் காதில் விழுவது அதுதான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெற்றோர் வந்து பார்க்கிற நாளில், மதியத்துக்கு மேல் அந்தச் சத்தம் கேட்கும். நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில், நாலாபுறமும் கோழிப்பண்ணைகள் சூழ நின்றது எங்கள் பள்ளி. காற்று திரும்பினால் பண்ணை வாசம் வகுப்பறைக்குள் வரும். பெற்றோர் வந்த பிள்ளைகள் மைதானத்து வேப்பமரங்களுக்குக் கீழே போர்வை விரித்து, வீட்டிலிருந்து வந்த கறிக்குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். யாரும் வராத ஏழெட்டுப் பேர் மட்டும் மாடி ஜன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்போம். அப்போது கீழேயிருந்து வார்டன் அக்காவின் குரல் வரும். “அங்க நின்னு என்ன பாக்கறீங்க? கீழ வாங்க சாமி, கிழங்கு உரிக்க ஆள் இல்ல.”

அவரை எல்லோரும் வார்டன் அக்கா என்றுதான் அழைத்தோம். நாற்பதைத் தொட்ட வயது. கழுத்தில் ஒன்றும் இருக்காது, காதில் மட்டும் சின்னக் கம்மல். பனமரத்துப்பட்டிப் பக்கம் பிறந்தவர். கணவரோடு மைசூரில் பேக்கரி வைத்திருந்தார். கணவர் நெஞ்சுவலியில் போன பிறகு கடை கைமாறியது. பிள்ளையில்லை. பிறந்த ஊருக்குத் திரும்பி வந்தவர், தெரிந்த ஒருவர் சொல்லி எங்கள் விடுதியில் வேலைக்குச் சேர்ந்தார். காலையில் தட்டி எழுப்புவது, படிக்கிற நேரத்தில் தூங்குகிறவர்களைக் கிள்ளுவது, தலைக்குப் பேன் பார்ப்பது, காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பது எல்லாம் அவர் வேலை. கண்டிப்பானவர்தான். பாடத்தைப் பற்றி அவர் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை என்பதே எங்களுக்குப் பெரிய ஆறுதல். அந்த வளாகத்தில் எங்கள் மதிப்பெண் தெரியாத ஒரே பெரியவர் அவர்தான். வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

பள்ளியில் பன்னும் ரொட்டியும் வெளியில் வாங்குவதில்லை. மெஸ்ஸுக்குப் பின்னால் பெரிய கரண்ட் அடுப்பு ஒன்று இருந்தது. திங்கட்கிழமைக்கான பன் ஞாயிறு மதியமே வெந்து இறங்கிவிடும். சமையல்காரர் பன்னை எடுத்துவிட்டுப் படுக்கப் போனதும் அந்தச் சூட்டை அக்கா எடுத்துக்கொள்வார். முக்கால் வேக்காட்டில் உருளைக்கிழங்கை இறக்கி, தோலுரித்து, வட்டம் வட்டமாக நறுக்குவோம். அக்கா ஒரு பக்கம் வெண்ணெயை உருக்கி, மைதாவை அதில் நிறம் மாறாமல் வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிண்டுவார். மிளகுத்தூளும் உப்பும் சேரும். பன் தட்டில் கிழங்கை ஓடு வேய்கிற மாதிரி அடுக்கி, வதக்கிய வெங்காயமும் பச்சைமிளகாயும் தூவி, அந்தப் பால்சாற்றை ஊற்றி, மறுபடி ஓர் அடுக்கு. “தண்ணியாட்டம் இருக்குதேன்னு பாக்காதீங்க. கெட்டியா ஊத்துனா கிழங்கு குடிக்காது” என்பார். மேலே தூவத்தான் தட்டுவடை, மற்ற ஊர்களில் தட்டை என்பார்களே அது. சேலத்தில் இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய காயும் சட்னியும் வைத்துத் தருவார்கள், அதையே நொறுக்கிக் கலந்து நொறுக்கல் என்றும் விற்பார்கள். அந்த ருசிக்குப் பழகிய பிள்ளைகளுக்காக அக்கா கண்டுபிடித்தது இது. பேக்கரியில் ரொட்டித்தூள் தூவித்தான் செய்வார்களாம். இவர் தட்டுவடையை நொறுக்கி, கறிவேப்பிலையும் உருகிய வெண்ணெயும் பிசறித் தூவுவார். வெந்து வரும்போது ஓரமெல்லாம் பால் கொதித்துக் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். மேலே செக்கச்செவேலென்று மொறுமொறுப்பு, கரண்டியை விட்டால் உள்ளே வெண்ணெயாக இளகிய கிழங்கு. ஊதி ஊதிச் சாப்பிடுவோம். அழுதுகொண்டே வந்தவள்கூட அதைச் சாப்பிடும்போது அழ முடியாது, வாய் வெந்துவிடும். கிழங்கு, பால், வெண்ணெய், தட்டுவடை எல்லாம் அக்கா சனிக்கிழமை சந்தையில் தன் காசில் வாங்கி வருவது. பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குள் வருவதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம் பின்னால் வரும்.

நான் எடப்பாடிப் பக்கத்துப் பெண். அப்பா லாரி வைத்திருந்தார். தான் படிக்காதது அவருக்கு ஆறாத புண். என்னை டாக்டர் ஆக்கிவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாக நினைவில்லை. பதினோராம் வகுப்பில் இங்கே கொண்டுவந்து விட்டபோது அம்மா அழுதார். அப்பா, “நீ அழுதீனா அவளும் அழுவா, கண்ணத் தொடச்சுக்க” என்றார். முதல் சில மாதங்கள் இருவரும் வந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கியதும் அம்மா வருவது நின்றது. அப்பா மட்டும் வந்தார், பிறகு அவரும் வரவில்லை. தொலைபேசியில் கேட்டால், “தோட்டத்துல வேல, அம்மாளுக்குக் கால் வலி, நீ படி” என்று பதில் வரும். அம்மாவின் குரல் கம்மியிருக்கும். சளி என்பார். நானும் நம்பினேன். அப்படித்தான் நான் மாடி ஜன்னல் கூட்டத்தில் சேர்ந்தேன். அங்கே சேர்ந்த பிறகு எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாராவாரம் அம்மாவிடம் பேசக் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் பாதியை அந்தக் கிழங்கைப் பற்றியே பேசித் தீர்த்திருக்கிறேன். மேலே மொறுமொறுவென்று இருக்கும், உள்ளே அப்படியே கரையும் என்று நான் சொல்லச் சொல்ல அம்மா “ம், ம்” என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் புற்று. சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் சொல்லக் கூடாது என்பது அப்பாவின் முடிவு. வீட்டுக் கஷ்டத்தைப் பிள்ளைகளின் காதுக்குக் கொண்டுவராதீர்கள் என்று பள்ளிக் கூட்டத்தில் மேடை போட்டுச் சொல்லியிருந்தார்கள், அவர் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டார். அம்மாவும் ஒத்துக்கொண்டார். ஆனால் அப்பா மருந்து வாங்கப் போகிற நேரம் பார்த்து அவர் விடுதியில் இருந்த அக்காவின் செல்போனுக்குப் போன் செய்வாராம். என்னைக் கூப்பிடச் சொல்வதில்லை. வார்டன் அக்காவிடம், “எம்புள்ள சாப்பிட்டாளுங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். இப்படிச் சில நாள் போனதும் அக்கா, “ஏனுங்கக்கா, இவ்வளவு பாசம் இருக்கறவங்க ஒரு நடை வந்து பாக்கலாமல்லங்க?” என்று கேட்டிருக்கிறார். அதன் பிறகுதான் அம்மா உண்மையைச் சொல்லி, என்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அக்கா பல மாதங்கள் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினார். அந்த மாதங்களில் என் தட்டில் மட்டும் ஓரத்துக் கிழங்காக, மொறுமொறுப்பு அதிகம் உள்ள பக்கமாக விழுந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு என்னைப் பிடிக்கும் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பொங்கல் முடிந்து வந்த ஞாயிறு அது. பொங்கலுக்கு எங்கள் வகுப்பை வீட்டுக்கு விடவில்லை. அந்த ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்னால் அம்மா அக்காவுக்குப் போன் செய்திருக்கிறார். நான்கைந்து நாளாக ஒன்றும் இறங்கவில்லை, எதைப் பார்த்தாலும் குமட்டுகிறது என்று சொல்லிவிட்டு, “அவ சொல்லுவாளே, அடுப்புல வெச்சு எடுக்கற கிழங்கு, அது மட்டும் ஒரு வாய் திங்கோணும்போல இருக்குதுங்க” என்றாராம். அக்கா அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே அடுப்பைப் போட்டார். காலைச் சாப்பாடு முடிந்ததும் என் அறைக்கு வந்து, “யூனிபார்ம் போட்டுக்க சாமி, ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ட்டு வந்துரலாம்” என்றார். அக்காவுக்கு உடம்புக்கு ஏதோ என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு ஏதோ என்று வாட்ச்மேன் நினைத்துக்கொண்டார். கேட்டைத் திறந்துவிட்டார். என் கையில் துணி சுற்றிய ஒரு தூக்குப்போசி இருந்தது. சூடு துணியைத் தாண்டி மடியில் அடித்தது. பேருந்து ராசிபுரத்தைத் தாண்டிய பிறகு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எப்படிச் சொன்னார் என்பது நினைவில் இல்லை. மூடியின் ஓரத்தில் ஒட்டியிருந்த தட்டுவடைத் துணுக்கை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தது மட்டும் நினைவிருக்கிறது.

கட்டிலில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு படுத்திருந்தது யார் என்று தெரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. அம்மாவுக்குப் புருவமும் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. “இளைச்சுப் போயிட்டியே கண்ணு” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். யார் யாரைச் சொல்வது! அக்கா தலையணையை நிமிர்த்தி வைத்து அவரைச் சாய்த்தார். போசியைத் திறந்ததும் வெண்ணெயும் மிளகும் கலந்த வாசம் அந்த மருந்து நெடிக்குள் எழுந்தது. அம்மாவின் வாயெல்லாம் புண். அக்கா மேலே இருந்த மொறுமொறுப்பை ஒதுக்கிவிட்டு உள்ளே இருந்த கிழங்கை ஸ்பூனால் மசித்து ஆறவைத்துக் கொடுத்தார். அம்மா ஒரு வாய் வாங்கினார். விழுங்கினார். கண்ணை மூடிக்கொண்டார். வாந்தி வருமோ என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. இன்னொரு வாய் வாங்கினார். பிறகு, “மேலாக்க இருக்கறதையுங் குடுங்க. அதத்தான் புள்ள சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போவா” என்றார். “குத்துமுங்கக்கா” என்றார் அக்கா. “குத்துனாக் குத்துது” என்றார் அம்மா. ஒரு துணுக்கை நான்தான் ஊட்டினேன். அதை அவரால் கடிக்க முடியவில்லை. நாக்கில் வைத்து, ஊறி இளகும்வரை வாயை மூடிக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நல்லாத்தான் சாமி இருக்குது” என்றார்.

அப்போதுதான் அப்பா மருந்துப் பையோடு உள்ளே வந்தார். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் அவரைப் பிறகு மன்னித்திருப்பேனோ என்னவோ. முதலில் என்னைப் பார்த்தார். பிறகு போசியைப் பார்த்தார். அக்காவிடம் திரும்பி, “யாரு கூட்டிட்டு வரச் சொன்னது?” என்றார். அக்கா எழுந்து நின்று, “நானாத்தானுங்கண்ணா. பெத்த தாயிங்க, பாக்கோணுமில்லீங்க” என்றார். “பரீட்சைக்கு எத்தன நாள் இருக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டார் அப்பா. அம்மாதான், “போனாப் போகுது உடுங்க, நாந்தான் கேட்டன்” என்றார். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு வாடகைக் கார் பிடித்து எங்கள் இருவரையும் ஏற்றி, தானும் முன்னால் உட்கார்ந்துகொண்டார். கிளம்புவதற்கு முன்னால் அம்மாவிடம் போய்விட்டு வருகிறேன் என்றுகூடச் சரியாகச் சொல்லவிடவில்லை. பள்ளியில் இறங்கியதும் என்னை மாடிக்குப் போகச் சொல்லிவிட்டு, அவர் தாளாளரின் அறைக்குள் போனார். அக்காவையும் கூப்பிட்டார்கள். பாதிக் கிழங்கு மிச்சம் இருந்த அந்தத் தூக்குப்போசி அக்காவின் கையில் இருந்தது.

மறுநாள் காலை பிரேயரில் அறிவித்தார்கள். விடுதிக் காப்பாளர் மெஸ் பொருட்களை வெளியே எடுத்துச் சென்றது கண்டுபிடிக்கப்பட்டு வேலையிலிருந்து நீக்கப்படுகிறார் என்றார்கள். என் பெயர் வரவில்லை. என்னை வெளியே அழைத்துப் போனது வரவில்லை. ஆஸ்பத்திரி வரவில்லை. கிழங்கு, பால், வெண்ணெய். எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் வரிசையை விட்டு விலகி நேராகத் தலைமையாசிரியையிடம் போனேன். அது அக்கா காசு போட்டு வாங்கியது, நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம் என்றேன். அவர் கோபப்படவில்லை. என் தோளைத் தட்டி, “உங்கப்பா எல்லாம் பேசிட்டுப் போயிட்டாரும்மா. நீ படிக்கற வேலையப் பாரு” என்றார். தாளாளரைப் பார்க்க வேண்டும் என்றேன். என்னைக் கையைப் பிடித்து வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். ஜன்னல் வழியே பார்த்தபோது அக்கா ஒரு பையும் ஒரு தகரப் பெட்டியுமாக கேட்டருகே நின்றிருந்தார். வாட்ச்மேன் பெட்டியைத் திறக்கச் சொல்லி உள்ளே கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். முந்தின நாள் அதே கேட்டை அவருக்குத் திறந்துவிட்டவன் அவன்தான். அக்கா எங்கள் கட்டிடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா நான் தேர்வு எழுதிக்கொண்டிருந்த நாட்களில் இறந்துபோனார். எனக்குச் சொல்லவில்லை. கடைசித் தேர்வு முடிந்து அப்பா வந்து அழைத்துப் போனார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எதிர்ச் சுவரில் மாலை போட்ட படம் தெரிந்தது. எல்லாக் காரியங்களும் முடிந்து வீடும் கழுவிவிட்டாயிற்று. அழ வந்த உறவினர்களும் அழுது முடித்துப் போய்விட்டார்கள். பெற்ற தாய்க்கு நான் ஒருத்தி தனியாக, காலம் கடந்து அழ வேண்டியிருந்தது. அப்பாவும் அழுதார், இல்லை என்று சொல்லமாட்டேன். அத்தனை மாதமும் ஆஸ்பத்திரித் தரையில் படுத்து, அம்மாவின் துணியைத் தன் கையால் அலசிப்போட்டவர் அவர். அவருக்கு அம்மாமேல் பாசம் இல்லை என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். ஆனால் மதிப்பெண் வந்தது, மருத்துவத்துக்கு எட்டவில்லை. அன்றிலிருந்து அவரிடம் ஒரே பாட்டு. “அந்தப் பொம்பள அன்னைக்கு உன்னையக் கூட்டிட்டுப் போகாம இருந்திருந்தா நீ இன்னைக்கு டாக்டரு.” என் கல்யாணத்தில்கூட யாரிடமோ அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். என் தாயை நான் கடைசியாகப் பார்த்த அந்த ஒரு நாள், அவர் கணக்கில் என் வாழ்க்கையைக் கெடுத்த நாள்.

நான் உயிர்வேதியியல் படித்து, சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வேலை நிலைத்த பிறகு அக்காவைத் தேடினேன். பழைய மெஸ் சமையல்காரர் ஊரைச் சொன்னார். பனமரத்துப்பட்டி ஏரிக்கு அந்தப் பக்கம், தம்பி வீட்டை ஒட்டிச் சாய்ப்பு இறக்கிய ஒற்றை அறையில் இருந்தார். ஒரு கடைக்காகத் தட்டுவடை தட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் சிரித்தார், உட்காரச் சொன்னார், முதலில் அம்மாவைக் கேட்டார். சொன்னேன். “தெரியுஞ் சாமி. அப்புறம் போன் வரலையே” என்றார். பிறகு வெகு நேரம் மாவை உருட்டிக்கொண்டே இருந்தார். நான் பேச வேண்டும் என்று எழுதிவைத்துக்கொண்டு போனதைப்போல எத்தனையோ இருந்தது. நன்றி சொன்னேன், தலையை ஆட்டினார். அவராகப் பேசத் தொடங்கியபோது குரலில் அழுகை இல்லை, வெறும் வறட்சி இருந்தது.

“உன்னையக் கூட்டிட்டுப் போனதுக்கு வெளிய போடீன்னு சொல்லியிருந்தாங்கன்னா நான் சந்தோசமாப் போயிருப்பன் கண்ணு. அது நான் செஞ்சதுதான. திருடுனன்னு சொன்னாங்களே, அதத்தான் என்னால செரிக்க முடியல. அப்புறமேட்டுக்கு நாலு எடத்துல வேல கேட்டன். எல்லாரும் அங்க போன் போட்டுக் கேக்கறாங்க. கேட்டுப்போட்டு, ஆள் இருக்குதும்மாங்கறாங்க. இங்க வந்தா எந்தம்பி பொண்டாட்டி, நான் நாளெல்லாம் தூக்கி வளத்துன புள்ளைகளோட தாயி, அரிசி டப்பாவத் தூக்கி உள்ள வெச்சுப் பூட்டிப்போட்டா.” கையில் இருந்த மாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “உங்கப்பாவும் அந்த ரூம்லதான் இருந்தாரு சாமி. வெண்ண வாங்குன சீட்டு எம்பையில இருந்துச்சு, எடுத்துக் காமிச்சன். அவரு சன்னலுக்கு வெளிய பாத்துட்டு நின்னாரு.”

அந்தக் கிழங்கை மறுபடி செய்தீர்களா என்று கேட்டேன். “அடுப்புக்கு எங்க போறது? இருந்தாலும் செய்யமாட்டன்” என்றார். செய்முறையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். சொன்னார், எதையும் மறக்கவில்லை. புறப்படும்போது, “உங்கப்பா இருக்கறாரா?” என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. அதன் பிறகு எப்போதாவது போய்ப் பார்ப்பேன். வரவேண்டாம் என்று அவர் சொன்னதில்லை, வா என்றும் சொன்னதில்லை. நான் கொண்டுபோகிற எதையும் வாங்கிக்கொண்டதில்லை. யாராவது கேட்டால் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமாம்.

லாரிகளை விற்ற பிறகு அப்பா தனியாக எடப்பாடியில் இருந்தார். போன வருடம் பற்கள் எல்லாவற்றையும் எடுக்க வேண்டி வந்தது. கட்டிய பல் செட்டு ஒத்துக்கொள்ளவில்லை, ஆளும் தளர்ந்துவிட்டார். சேலத்துக்கு என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். அவருக்கு மெல்ல வராது, குழைந்த சோறும் அலுத்துவிட்டது. ஒரு நாள் என் மகளுக்காக அந்தக் கிழங்கைச் செய்தபோது, தட்டுவடை தூவாமல் ஒரு சின்னக் கிண்ணத்தில் அவருக்கும் வைத்து எடுத்தேன். வழித்துச் சாப்பிட்டார். மறுநாளும் கேட்டார். பிறகு வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்க ஆரம்பித்தார். “இது என்ன சாமி, தொண்டையில தானா எறங்குது. எங்க கத்துக்கிட்ட?” என்றார். நான் சில மாதங்கள் பதில் சொல்லாமல் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மகளும் வீட்டுக்காரரும் வெளியே போயிருந்தபோது, மறுபடி கேட்டார். “வார்டன் அக்கா செய்யறதுங்கப்பா. அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாங்களே, அதுதான். அம்மா கடைசியா ருசிச்சுச் சாப்பிட்டது” என்றேன்.

ஸ்பூன் நின்றது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, “அந்தம்மா திருடலைன்னு எனக்குத் தெரியுங் கண்ணு” என்றார். அத்தனை வருடத்தில் அதை அவர் வாயால் கேட்டது அதுவே முதல் தடவை. “அப்புறம் ஏனுங்கப்பா?” என்றேன். “வயசுப்புள்ளய சொல்லாமக் கொள்ளாம வெளிய கூட்டிட்டுப் போச்சுன்னு எழுதுனா, நாளைக்கு உன்ற பேரு என்னாகறது? பள்ளிக்கூடத்துக்கும் பேரு கெட்டுப்போகும்னாங்க. பொருளுன்னு எழுதிக்கலாம்னாங்க. செரின்னுட்டன்.” சொல்லிவிட்டு ஸ்பூனை எடுத்து மீதிக் கிழங்கையும் சாப்பிட்டு முடித்தார். என் பெயர் கெடாமல் இருக்க அக்காவின் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாமல், என்னைக் கேட்காமல், என் நன்மைக்காக. “இத அவங்ககிட்ட வந்து சொல்லுங்கப்பா. நான் கூட்டிட்டுப் போறன்” என்றேன். “போலாம், அதுக்கென்ன” என்றார். அவ்வளவு சுலபமாகச் சொன்னது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அக்காவிடம் போனில் சொன்னேன். மறுபடி ஒரு முறை சொல்லச் சொன்னார். பிறகு, “கூட்டிட்டு வா” என்றார்.

அடுத்த வாரம் போனோம். அப்பா வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டார். வழியில் ஏரியைப் பார்த்து, தண்ணீர் கிடக்கிறதே என்றார், பாக்குத் தோப்புகளைப் பார்த்து விலை விசாரித்தார். அக்காவின் வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தியதும், “முட்டி வலிக்குது, நான் இங்கயே உக்காந்துக்கறன்” என்று சொல்லிவிட்டார். இறங்குங்கப்பா என்று கெஞ்சினேன். கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. அக்கா வெளியே வந்தார். சலவைச் சேலை கட்டியிருந்தார், தலை வாரியிருந்தார். அவருக்குப் பின்னால் தம்பியும் தம்பி மனைவியும் அக்கம்பக்கத்து இரண்டு மூன்று பேரும் நின்றார்கள். அக்காதான் அவர்களை வரச் சொல்லியிருக்கிறார் என்பது பார்த்ததுமே புரிந்தது. அந்த ஒரு வார்த்தையை அவர்கள் காதில் விழவைக்க வேண்டும் என்றுதான் அவரும் கூட்டிட்டு வா என்றிருக்கிறார்.

அக்கா உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து காரின் ஜன்னல் வழியே நீட்டினார். அப்பா வாங்கிக் குடித்தார். “நல்லா இருக்கறீங்களாம்மா?” என்றார். “இருக்கறனுங்க” என்றார் அக்கா. ஜன்னலைப் பிடித்தபடி நின்றார். எல்லோரும் நின்றோம். அப்பா வாயைத் துடைத்துக்கொண்டார். சாய்ப்பின் ஓட்டைப் பார்த்தார், நின்றவர்களைப் பார்த்தார். “மழை இந்தப் பக்கம் பரவால்லியா?” என்றார். அக்கா டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, “பரவால்லீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். திரும்பி வரவில்லை. நான் பின்னாலேயே போனேன். “போ சாமி, அவரு வெய்யில்ல உக்காந்திருக்கறாரு” என்று மட்டும் சொன்னார். வாசலில் நின்றவர்களிடம் நானே சொன்னேன், அக்கா எதையும் எடுக்கவில்லை, எல்லாம் அவர் காசில் வாங்கியது என்று. தம்பி மனைவி தலையாட்டினாள். பிள்ளையாக இருந்தபோது சாப்பிட்டவள் சொல்கிறாள், வேறெப்படிச் சொல்வாள் என்பது அந்த முகத்தில் இருந்தது. சொல்ல வேண்டியவர் காருக்குள் உட்கார்ந்து தோளில் இருந்த துண்டைச் சரி செய்துகொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பாதி வழியில் அப்பா பேசினார். “பாவம் அந்தம்மா” என்றார். எங்கோ யாருக்கோ மழையில் சுவர் இடிந்ததைக் கேள்விப்பட்டால் சொல்வாரே, அதே குரல். செய்தவர் யாரும் இல்லாமல், தானாக வந்து விழுந்த கஷ்டத்துக்குச் சொல்கிற பாவம். நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன், கண் மறைத்தது, ஓரமாக நிறுத்திவிட்டுச் சற்று நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். “தலசுத்துதா சாமி?” என்று கவலையாகக் கேட்டார். அந்தக் கவலை உண்மையானது. அதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு, சாப்பாட்டு மேசையில் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, “அலைச்சலா இருக்குது. அந்தக் கிழங்கு கொஞ்சம் பண்ணறயா?” என்று கேட்டார். “கிழங்கு இல்லீங்கப்பா” என்றேன். அவருக்கு நேர் எதிரே அலமாரியின் அடித்தட்டில் கூடை நிறையக் கிழங்கு இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தட்டை வைத்து, சோற்றைக் குழைத்து, ரசம் ஊற்றினேன். அவர் குனிந்து சாப்பிட்டார்.